கடன் வசூலுக்கு வந்த படை: நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழுவுக்கு மேலூர் பக்கத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிலைக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 பேர் நீங்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறீர்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை வரிவரியாகப் பார்ப்பதும், அதிகாரிகளை வரவழைத்து விளக்கம் கேட்பதும் உங்கள் வேலை. அதனால்தான் இந்த மடலை அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தியா வல்லரசாகிவிட்டது, இல்லை ஆகப்போகிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பொருளாதாரத்தில் உலகின் முதல் ஐந்து நாடுகளில் ஒன்று என்கிறார்கள். 2023இல் நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் முதலில் இறங்கியதும் நம் விண்கலம்தான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பலம் வந்த பிறகு பக்கத்தில் இருக்கும் சின்ன நாடுகளோடு எப்படி நடந்துகொள்ளப் போகிறோம் என்ற பேச்சு காதில் விழுவதே இல்லை. இலங்கையைப் பற்றிப் பேசினாலும் நேபாளத்தைப் பற்றிப் பேசினாலும், அங்கே சீனா நுழைந்துவிட்டதா, நாம் முந்திவிட்டோமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த நாடுகளில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு விருப்பம் உண்டு என்பதே மறந்துபோகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு பெரிய நாட்டை அதன் தலைவர்களின் பேச்சைக் கேட்டு எடைபோட முடியாது. அது கொடுத்த உதவியை மட்டும் வைத்தும் எடைபோட முடியாது. சின்ன நாடு ‘வேண்டாம்’ என்று சொன்ன மறுநாள் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

என் பிழைப்பு ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் கழிந்தது. ஈடு, ஜாமீன், தவணை, நிலுவை, ஜப்தி என்று இவற்றுக்குள்ளேயே இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் சீமையின் சரித்திரத்தைப் படிக்க உட்கார்ந்தபோது, வாள்சண்டையைவிட கடன் கணக்குதான் முதலில் கண்ணில் பட்டது. கிழக்கிந்தியக் கும்பெனியின் படை மதுரைக்கு வந்ததே கடன் வசூலுக்குத்தான்.

ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினார்கள். முகமது அலி பக்கம் கும்பெனியார், சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள். முகமது அலி ஜெயித்தார். ஜெயித்த சண்டையின் செலவு அவர் தலையில் கடனாக ஏறியது. அதை அடைக்க மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரிப்பாக்கியை வசூலித்தாக வேண்டும். 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் படை கிளம்பியது. மேலூரிலும் திருமோகூரிலும் இருந்த எந்தக் குடியானவனும் அந்தக் கடனை வாங்கவில்லை, எந்தப் பத்திரத்திலும் கைநாட்டு வைக்கவில்லை. ஆனாலும் வசூல் அவன் வீட்டு வாசலுக்கு வந்தது.

திருமோகூர் காளமேகப் பெருமாள் கோயிலுக்கு நீங்கள் வந்திருக்கக்கூடும். மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில், ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம். அந்தக் கோயிலின் கதவுக்குத் தீ வைத்து உள்ளே நுழைந்த ஹெரானின் ஆட்கள் சாமி விக்ரகங்களைத் தூக்கிச் சாமான் வண்டிகளில் ஏற்றினார்கள். பணம் கொடுத்தால் திருப்பித் தருவோம் என்றார்கள். அந்த வருடம் மே மாதம் படை நத்தம் கணவாய் வழியாகத் திருச்சிக்குத் திரும்பியபோது, கள்ளர்கள் காட்டுக்குள் மறைந்திருந்து பாய்ந்தார்கள். “சாமி, சாமி” என்று கத்திக்கொண்டே வந்தார்கள் என்று ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். விக்ரகங்கள் மீட்கப்பட்டன. ஹெரானைக் கும்பெனி விசாரித்துப் பதவியை விட்டு நீக்கியது. ஆனால் எதற்காக அவரை அனுப்பியதோ அந்த வசூலைக் கும்பெனி நிறுத்தவில்லை. தவறு ஒரு ஆளுடையது என்று காட்டிவிட்டு அதே வேலையை அடுத்த ஆளிடம் கொடுத்தது. இன்றைக்கும் பெரிய நாடுகள் ஒரு சிப்பாயைத் தண்டித்துவிட்டு அவனை அனுப்பிய கொள்கையை அப்படியே வைத்துக்கொள்வதைப் பார்க்கிறோம்.

அடுத்து வந்தவர் யூசுப் கான். கும்பெனி வளர்த்த ஆள், மதுரையை நன்றாகவே நிர்வகித்தவர். நவாபுக்குக் கட்டுப்பட மாட்டேன், தனியாக ஆளுகிறேன் என்று சொன்ன பிறகு நவாபும் கும்பெனியும் சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டார்கள். 1764 அக்டோபரில் சம்மட்டிபுரத்தில் தூக்கில் போட்டார்கள். நண்பனாக இருக்கும்வரை தோளில் கை, மறுத்தால் கழுத்தில் கயிறு.

நவாபின் கடன் மட்டும் குறையவே இல்லை. கும்பெனியில் சொற்பச் சம்பளம் வாங்கிய பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் தனிப்பட்ட முறையிலும் நவாபுக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். 1781இல் கர்நாடகத்தின் (நவாபின் சீமைக்கு அன்று அதுதான் பெயர்) வரி வருமானமே கும்பெனியின் கைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 1792 உடன்படிக்கைப்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் வேலையும் கும்பெனிக்குப் போனது. 1801இல் நவாப் பெயரளவுக்குத்தான் நவாப். ராஜ்யம் முழுவதும் கும்பெனிக்கு. கட்டபொம்மன் 1798இல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சந்திப்பும் நிலுவைப் பாக்கி பற்றியதுதான். அடுத்த வருடம் கயத்தாறில் தூக்கு. 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, பதினைந்து வயதுப் பையன். அவனையும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்த ஏகாதிபத்தியம் ‘நான் உன்னை ஆளப்போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. பாதுகாப்பு தருகிறேன் என்றது, நண்பனுக்குத் துணை நிற்கிறேன் என்றது, கடன் கொடுத்தது, கணக்கு எழுதியது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு உடன்படிக்கை இருந்தது, கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துப் போட்டவருக்கு மறுக்க வழி இல்லை என்பது மட்டும் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை.

ஒரு நாடாளுமன்றத்துக்கு எழுதுகிறேன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து, ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். அந்தக் கடனில் எவ்வளவு பொய், அதை அடைப்பதற்காகக் கர்நாடகத்துக் குடிகள் எப்படிப் பிழியப்படுகிறார்கள் என்று விவரமாகச் சொன்னார். சபை கேட்டது, வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. அந்தச் சபையில் எங்கள் ஊர்க்காரன் ஒருவனும் இல்லை. நீங்கள் நேபாளத்தைப் பற்றியோ மாலத்தீவைப் பற்றியோ பேசும் அறையிலும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை. உங்கள் பொறுப்பு அவ்வளவு பெரியது.

சரி, வெள்ளைக்காரன் நல்லதே செய்யவில்லையா என்று எங்கள் பக்கத்திலேயே கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மேலூர் ஒருபோகப் பாசனத்தில் வாழ்ந்தவன் நான். எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் பெரியாறு அணைத் தண்ணீர். லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுவிக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். அந்த நன்றியில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் அதே அணையின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 1886இல் திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் அரசும் போட்டது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், குத்தகைக் காலம் 999 ஆண்டு. சமமான இருவர் உட்கார்ந்து பேசினால் அப்படி ஒரு ஆண்டுக்கணக்கு காகிதத்தில் வருமா? எங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது நியாயம். அந்த நியாயத்தை ஒரு சமஸ்தானத்தின் தலைமேல் கைவைத்து எழுதியதால், நூறு வருடம் தாண்டியும் அந்தப் பக்கத்தில் மனக்கசப்பு தீரவில்லை. 1970இல் தமிழ்நாடும் கேரளமும் தாமாக உட்கார்ந்து குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தின, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்குக் கொடுத்தன. வழக்குகள் அப்புறமும் தொடர்ந்தன, உண்மைதான். ஆனாலும் அது இரண்டு பக்கமும் பேசிப் போட்ட ஒப்பந்தம். நல்ல காரியம் செய்தோம், அதனால் கேட்காமல் செய்ததும் சரிதான் என்று சொல்லும் எந்த நாட்டுக்கும் பெரியாறு ஒப்பந்தத்தைக் காட்டலாம்.

அணையைச் சொல்பவர்களுக்குப் பெருங்காமநல்லூரையும் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். பிறந்த சாதியை வைத்தே ஒருவனைக் குற்றவாளி என்று பதிவு செய்த கைரேகைச் சட்டத்துக்கு, அந்த ஊர்க்காரர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அணை கட்டிய அதே அரசாங்கத்தின் போலீஸ்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பெரிய நாட்டின் கையைப் பார்த்து நின்ற அனுபவம் நமக்கு இருக்கிறது. 1965, 1966இல் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் சாப்பாடு என்ற நிலை. ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களை மொத்தமாக அனுப்பவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி விட்டார். நம் விவசாயக் கொள்கையை மாற்ற வைப்பது ஒரு நோக்கம். வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. கோதுமை கொடுத்தார்கள், பல உயிர்கள் பிழைத்தன, மறுக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் கப்பல் தாமதமாகும் என்ற பயத்தோடு சாப்பிட்ட சோறு அது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் அரிசிக்காக மக்கள் பட்ட பாட்டில் ஒரு ஆட்சியே மாறியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியை எங்கள் தலைமுறை மறக்காது.

2003இல் ஈராக்குக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது. ஐநா ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று இந்தியா மறுத்தது. இந்தியா செய்ததில் நான் பெருமைப்படும் காரியங்களில் அது ஒன்று. பெரிய நாட்டிடம் நாம் ‘வேண்டாம்’ சொன்னோம், வானம் இடிந்து விழவில்லை. நம்மைவிடச் சின்ன நாடுகளுக்கும் அந்தத் தைரியம் நம்மிடம் வேண்டும். நம்மிடம் மறுத்துப் பேச அவர்கள் பயந்தால், தப்பு நம்முடையது.

இந்தியாவின் கணக்கு ஒரே மாதிரி இல்லை. 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்தார்கள். இந்தியாவுக்குச் சொந்த லாபமும் அந்தப் போரில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டிசம்பர் 16இல் போர் முடிந்தது, மார்ச் 12இல் டாக்காவில் விடைபெறும் அணிவகுப்பு நடந்தது. வங்கதேசத் தலைவர் முஜிபுர் ரகுமான் போகச் சொன்னார், நம் படை போனது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜெயித்த படை அப்படித் திரும்பிய உதாரணம் உலகத்தில் அதிகம் இல்லை.

1987ஐ அப்படிச் சொல்ல முடியவில்லை. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாருக்காகப் போட்டதாகச் சொன்னார்களோ அந்தத் தமிழ் மக்கள் அந்தப் பத்திரத்தில் ஒரு தரப்பே இல்லை. காக்கப் போன படை அக்டோபரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் நம் சிப்பாய்களின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நம் சிப்பாய்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டுத் துக்கமும் துக்கம்தான். அடுத்த ஜனாதிபதி பிரேமதாச 1989இல் போகச் சொன்னார். கடைசி வீரன் கப்பலேறியது 1990 மார்ச்சில்.

அதற்கும் முன்னால் 1964. மலையகத் தோட்டங்களில் தேயிலை கிள்ளியவர்களில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன் எங்கள் மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு நாடும் அந்த மக்களைக் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர்களில் பலர் இந்தியாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. மனிதர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைவே அந்த மேசையில் யாருக்கும் இருந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

2015இல் நேபாளம். ஏப்ரல் நிலநடுக்கத்தில் 9,000 பேர் வரை இறந்த நாடு. செப்டம்பரில் தனக்கு ஒரு அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. அது தில்லிக்குப் பிடிக்கவில்லை. எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றன, காஸ் சிலிண்டர் இல்லை, பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை. நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசிகளின் போராட்டம்தான் காரணம், நாங்கள் தடுக்கவில்லை என்றது தில்லி. காத்மாண்டுவில் அதை நம்பியவர்கள் குறைவு. மாதேசிகளின் குறை உண்மையான குறைதான். ஆனால் குளிர்காலத்தில் அடுப்பெரிக்க வழியில்லாமல் நின்ற குடும்பத்துக்கு இந்தியாவின் விளக்கத்தால் என்ன பயன்?

மாலத்தீவில் நாம் நன்றாக நடந்துகொண்டோம். ‘இந்தியாவே வெளியேறு’ என்று பிரசாரம் செய்து ஜெயித்த அதிபர் முய்சு நம் ராணுவத்தினரைப் போகச் சொன்னார். சமூக ஊடகத்தில் நம் ஆட்கள் மாலத்தீவுக்குச் சுற்றுலா போகாதே என்று கூச்சல் போட்டார்கள். அரசு அந்தக் கூச்சலுக்குக் காது கொடுக்காமல், 2024 மே மாதத்துக்குள் ராணுவத்தினரைத் திரும்ப அழைத்து, ஹெலிகாப்டரை ஓட்ட சிவில் பணியாளர்களை அனுப்பியது. அதே வருடம் அக்டோபரில் அந்த நாடு அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்தபோது 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்றமாகக் கொடுத்தது. 1971க்கு அடுத்து நான் மனதாரப் பாராட்டும் காரியம் இது.

உங்களில் சிலர் இங்கே ஒரு கேள்வி கேட்பீர்கள். பக்கத்து நாட்டில் ஒரு அரசு தன் மக்களையே கொன்றால், ‘தலையிடாதே’ என்று அது சொன்னவுடன் ஒதுங்கி நிற்க வேண்டுமா? தமிழனாக இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியாது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் உலகத்தின் பெரிய நாடுகள் எல்லாம் ஒதுங்கித்தான் நின்றன. கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐநா நிபுணர் குழு பிறகு சொன்னது. அந்த மாதமே ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது. ஏகாதிபத்தியம் கூடாது என்பதற்கு அர்த்தம் இப்படிக் கண்ணை மூடிக்கொள்வது என்றால், அந்தக் கொள்கை எனக்கு வேண்டாம். ‘வேண்டாம்’ சொல்லும் உரிமை கொழும்பு அரசுக்கு மட்டும் உள்ளதா? குண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் ‘வேண்டாம்’ என்று கத்தினானே, அவனுக்கும் அந்த உரிமை உண்டு. ஆயுதம் விற்காமல் இருக்கலாம், ராடார் கொடுக்காமல் இருக்கலாம், கடனை நிறுத்தலாம், உலக மன்றத்தில் எழுந்து பேசலாம். படை அனுப்புவதற்கும் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் நடுவில் எவ்வளவோ வழி இருந்தது. ஒன்றையும் செய்யவில்லை.

2022இல் இலங்கை திவாலானபோது கிட்டத்தட்ட 400 கோடி டாலர் அளவுக்கு இந்தியா உதவியது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் அனுப்பியது. தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுங்கள் என்று இலங்கைத் தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள், அப்படியே போனது. இதில் யாருக்கு முன்னால் யார் போனோம் என்ற போட்டிப் பேச்சு இல்லாதிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனம் 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்ததை நாம் கண்டிக்கிறோம், கண்டிக்க வேண்டியதுதான். நம் கடன் பத்திரங்கள் எப்படி இருக்கின்றன? வெளிநாடுகளுக்கு நாம் கொடுக்கும் கடனில், பொதுவாக முக்கால் பங்குக்கு இந்தியப் பொருளையும் சேவையையும்தான் வாங்க வேண்டும் என்று விதி. அந்த விதியால் யாருக்கு லாபம் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

எங்கள் கூட்டுறவு சங்கத்தில் குறை உண்டு, அரசியல் உண்டு. ஆனால் ஒரு நல்ல விதி இருந்தது. ஆயிரம் ரூபாய் பயிர்க்கடன் வாங்கியவனும் உறுப்பினர். பேரவைக் கூட்டத்தில் அவனுக்கும் ஒரு ஓட்டு, பெரிய பண்ணைக்காரருக்கும் ஒரு ஓட்டு. கடன் கொடுக்கும் இடத்திலேயே கடன் வாங்கியவன் எழுந்து கேள்வி கேட்பான், செயலர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொன்னவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கஷ்டம்தான், ஆனால் அதுதான் சங்கத்தை நேராக வைத்தது. சர்வதேச நாணய நிதியத்தில் அப்படி இல்லை. பணத்துக்குத் தக்கபடி ஓட்டு. அமெரிக்காவிடம் ஏறக்குறைய 16 சதவீதம். முக்கிய முடிவுக்கு 85 சதவீதம் வேண்டும் என்பதால் அந்த ஒரு நாடு மறுத்தால் ஒன்றும் நகராது. இதை மாற்ற வேண்டும் என்று இந்தியா பல வருடமாகக் கேட்கிறது. கேட்கும் உரிமை நமக்கு வர வேண்டுமென்றால், நம் முற்றத்தில் நாம் முதலில் செய்து காட்ட வேண்டும். தெற்காசியாவின் எட்டு நாடுகளும் சமமாக உட்கார்ந்த சார்க் மாநாடு 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு நடக்கவே இல்லை. பாகிஸ்தானோடு நமக்குப் பிரச்சினை இருக்கிறது. அதற்காகப் பூட்டானும் மாலத்தீவும் நம்மோடு ஒன்றாக உட்கார இருந்த ஒரே மேசையை மூடி வைக்கலாமா?

தில்லியைக் குறை சொல்லிவிட்டு நாங்கள் நல்லவர்களாக ஒதுங்கிவிட முடியாது. பாக் நீரிணையில் எங்கள் ராமேஸ்வரம், நாகப்பட்டினம் விசைப்படகுகள் இழுவைமடி போட்டுக் கடலடியைச் சுரண்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகின்றன. போரில் எல்லாவற்றையும் இழந்து, மறுபடி ஒரு சின்னப் படகும் வலையும் வாங்கிய யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவனின் வலையை அறுத்துவிட்டு வருகின்றன. இலங்கைக் கடற்படை எங்கள் மீனவர்களைச் சுட்டதும் அடித்ததும் சிறையில் போட்டதும் கொடுமை, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். படகு முதலாளியின் கடனுக்காக உயிரைப் பணயம் வைத்துப் போகும் கூலி மீனவனையும் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய படகு சின்னப் படகை என்ன செய்கிறது என்பதை இங்கே எந்தக் கட்சியும் மேடையில் பேசுவதில்லை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே வருடம் இங்கே விசைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்ற ஒரு திட்டம் வந்தது. அது ஏன் ஊன்றி நடக்கவில்லை, பணம் எங்கே நின்றது, மீனவர் ஏன் சேரவில்லை என்று உங்கள் குழு மீன்வளத் துறையையும் சேர்த்து வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். கச்சத்தீவைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

பலமுள்ள நாடு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குக் காட்ட மதுரையிலேயே ஒன்று இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் அண்ணாநகரில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை துணை நின்றது. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏழைகளால் தொட முடியாத விலை. சேவா காலம் முழுக்க லென்ஸைத் தானமாக அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. லென்ஸ் செய்யும் வித்தையையே இங்கே கொண்டுவர உதவியது. 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. இன்று அங்கே செய்யும் லென்ஸ்கள் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன, விலை பழைய விலையில் ஒரு சின்னப் பங்கு. வித்தையைக் கொடுத்த பிறகு, அடுத்த வருடம் லென்ஸ் வேண்டுமானால் நாங்கள் சொல்வதைக் கேள் என்று யாரும் மதுரையிடம் சொல்ல முடியாது. இந்தியா பக்கத்து நாடுகளுக்குக் கொடுக்கும்போது இப்படிக் கொடுக்கிறதா?

அதனால் நான் உங்களிடம் கேட்பது. பக்கத்து நாடுகளோடு போடும் கடன் ஒப்பந்தம், துறைமுக ஒப்பந்தம், ராணுவ ஒப்பந்தம் எதுவானாலும் முழுப் பிரதி உங்கள் குழுவுக்கு வரவேண்டும் என்று வற்புறுத்துங்கள். அந்த நாட்டு நாடாளுமன்றத்திலும் அது வைக்கப்பட்டதா என்று பாருங்கள். இந்திய ராணுவத்தினர் ஒருவர் வேறொரு மண்ணில் இருந்தாலும், எப்போது திரும்புவார், போகச் சொன்னால் எத்தனை நாளில் போவார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லையை மூடி உணவையும் மருந்தையும் எரிபொருளையும் நிறுத்துவதை எந்தக் காரணத்துக்கும் செய்ய மாட்டோம் என்று ஒரு தீர்மானம் உங்கள் அறிக்கை மூலம் வரட்டும்.

அகதிகள் விஷயமும் உங்கள் முன் வர வேண்டும். அது உள்துறையின் வேலை என்று தள்ளிவிட வேண்டாம். மதுரையில் ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983க்குப் பிறகு வந்தவர்கள், இங்கேயே பிறந்து, படித்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றவர்கள். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைப் பற்றிப் பேசியது, இலங்கையை விட்டுவிட்டது. உலகத்துக்கு வழிகாட்டப் போகிறோம் என்று சொல்லும் நாட்டில், நாற்பது வருடமாக வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு பதில் இல்லை. குடியுரிமை கேட்பவர்களுக்குக் குடியுரிமை, திரும்பிப் போக நினைப்பவர்களுக்குக் கௌரவமான வழி என்று இரண்டில் எது வேண்டும் என்பதை இந்தமுறை அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள். 1964இல் செய்யாததை இப்போதாவது செய்யலாம்.

உங்கள் குழு ஆய்வுப் பயணம் போவது வழக்கம். அடுத்த பயணத்தில் ராமேஸ்வரத்துக்கு வாருங்கள். விசைப்படகுச் சங்கத்தையும் நாட்டுப்படகு மீனவர்களையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். திரும்பும் வழியில் மதுரையில் ஒரு நாள் தங்கி, அதிகாரிகள் இல்லாமல் உச்சப்பட்டி முகாமில் பேசுங்கள். இலங்கை நாடாளுமன்றத்தின் இதே மாதிரிக் குழுவையும் உங்களோடு வரச்சொல்லி அழைப்பு அனுப்புங்கள். அங்கே கேட்டதை அடுத்த அறிக்கையில் அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே சேர்த்து, இரு அவைகளிலும் வையுங்கள்.

இப்படிக்கு,
கூட்டுறவு கடன் சங்க ஓய்வுபெற்ற செயலர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்